உழைச்செல்வான்: பேறுகாலத்தில் கணவனின் பணி

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில், வாளையாற்று எல்லையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் கஞ்சிக்கோடு வருகிறது. ஒருபுறம் காடும் மலையும். மறுபுறம் தொழிற்சாலைகளின் வரிசை. கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகிய இவ்வூரின் ஆலைகளில் மலையாளிகளோடு தமிழர்களும், பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் பணிபுரிகின்றனர். ஆலைகளைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் குடியிருக்கும் இளம் தம்பதியருள், முதல் குழந்தையை எதிர்நோக்கியிருப்பவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள்.

அத்தகைய ஒரு தமிழ்த் தம்பதியரை எண்ணிப் பார்க்கலாம். ஏழாம் மாதத்தில் மனைவிக்கு வளைகாப்பு நடைபெறுகிறது. பக்கத்து வீட்டு மலையாளப் பெண்ணுக்கு அதே மாதத்தில் புளிகுடி. கை நிறைய வளையல் அடுக்கி, ஐவகைச் சோறு படைத்து, சுமங்கலிகள் வாழ்த்திய பின் அவளைப் பொள்ளாச்சிக்கோ உடுமலைக்கோ தாய்வீட்டார் அழைத்துச் செல்கின்றனர். கணவன் பேருந்து நிலையம் வரை சென்று வழியனுப்பிவிட்டு இரவு வேலைக்குத் திரும்புகிறான். இனி எல்லாவற்றையும் மாமியார் பார்த்துக்கொள்வார், தன் பங்கு பணம் அனுப்புவதும் தொலைபேசிக்காகக் காத்திருப்பதும்தான் என்று அவன் கருதினால், அவனைக் குறை சொல்ல முடியாது. வீட்டுப் பெரியவர்கள் அவனுக்கு அப்படித்தான் கற்பித்திருக்கிறார்கள்.

நமது முன்னோர் நூல்கள் வேறு விதமாகக் கற்பிக்கின்றன. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. பிணியுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், அருகிலிருந்து பணி செய்பவனையும் நான்காவதாகச் சேர்க்கிறார் வள்ளுவர். அவனை 'உழைச்செல்வான்' என்கிறார். உழை என்றால் பக்கம், அருகு. சரக சம்ஹிதையும் இதே நான்கைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பண்புகளை வகுக்கிறது. கருவுற்றிருப்பது நோயன்று; அது இயற்கையின் நிகழ்வு. ஆயினும் உயிருக்கு ஊறு நேரக்கூடிய வாயில் அது என்பதால் இந்த நால்வகைப் பகுப்பு பேறுகாலத்திற்கும் முற்றிலும் பொருந்துகிறது.

அருகிலிருந்து பணி செய்பவனுக்குச் சரகர் கூறும் நான்கு பண்புகளின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலாவது, பணிவிடை பற்றிய அறிவு. இரண்டாவது, செயல்திறன். அன்பு மூன்றாவதாகத்தான் வருகிறது. நான்காவது தூய்மை. 'அவள்மீது உயிரையே வைத்திருக்கிறேன்' என்று சொல்லும் கணவன், நான்கில் ஒரு பங்கைத்தான் நிறைவு செய்திருக்கிறான்.

அன்பு இருந்தும்

இதன் பொருளை ஒரு துயர நிகழ்ச்சி தெளிவாக்கியது. கோவையைத் தாண்டிக் கிழக்கே உள்ள திருப்பூரில், 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு தம்பதியர் மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முடிவு செய்தனர். நண்பர்களின் ஊக்கமும் யூடியூப் காணொளிகளும் அவர்களுக்கு வழிகாட்டியாயின. குழந்தை பிறந்தது. தாய் மிகுந்த இரத்தப்போக்கினால் இறந்தாள். இருவரும் படித்தவர்கள். இயற்கையான முறையில் குழந்தையை வரவேற்க வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். அங்கே அன்பு குறைந்திருந்தது என்று யாரும் சொல்ல இயலாது. அவர்கள் ஒருவகையில் ஆயத்தமும் செய்திருந்தனர். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்திற்குப் பயிற்சி முகாம் நடத்துவதாக விளம்பரம் செய்த ஒருவரைக் காவல்துறை கைது செய்தது.

என்ன நேர்ந்திருக்கும் என்பதை உடலியல் விளக்குகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்குச் சுமார் 500 முதல் 700 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நச்சுக்கொடி பிரிந்தவுடன், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்த நிலையில் இருக்கும். கருப்பையின் தசைகள் இறுகிச் சுருங்கி அக்குழாய்களை நெரித்து மூடினால்தான் போக்கு நிற்கும். தசை சுருங்காவிட்டால், ஒரு பெண்ணின் உடலிலுள்ள ஐந்தாறு லிட்டர் இரத்தத்தில் பெரும்பகுதி மிகக் குறுகிய நேரத்தில் வெளியேறிவிடும். இதைத் தடுக்கவே குழந்தை பிறந்த உடனே ஆக்ஸிடோசின் என்னும் மருந்து 10 யூனிட் அளவில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. அம்மருந்தைக் குளிர்பெட்டியில் பாதுகாக்க வேண்டும். காணொளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களிடம் அது இருக்காது.

மற்றொன்றும் உண்டு. எவ்வளவு இரத்தம் போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவமுள்ள மருத்துவருக்கே கடினம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வொன்றில், அளவுக் கோடுகள் இட்ட விரிப்பைத் தாயின் கீழ் வைத்து இரத்தத்தை அளந்து, உடனே ஒருங்கிணைந்த சிகிச்சை அளித்தபோது, கடுமையான இரத்தப்போக்கு முதலிய விபரீதங்கள் 60 சதவீதம் குறைந்தன. தேர்ந்தவர்களின் கண்ணே ஏமாறுமிடத்தில், கலங்கி நிற்கும் கணவனின் கண்ணை நம்புவது எப்படி?

பழைய நூல் உண்மையில் சொல்வது

வீட்டுப் பிரசவத்தை ஆதரிப்போர் 'நம் பாரம்பரியம்' என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகின்றனர். பாரம்பரிய நூலைத் திறந்து படித்தால் வேறு காட்சி தெரிகிறது. சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம் எட்டாம் அத்தியாயம், ஒன்பதாம் மாதத்திற்கு முன்பே பிரசவ அறையை அமைத்துவிட வேண்டும் என்கிறது. எலும்பும் ஓட்டாஞ்சில்லும் இல்லாத தூய நிலம், கிழக்கு அல்லது வடக்கு நோக்கிய வாயில், பருவத்திற்கேற்ற வசதி, நீரும் நெருப்பும் கழிப்பிடமும் குளியலிடமும் அருகில் இருத்தல் எனப் பட்டியல் நீள்கிறது. மருந்துச் சரக்குகளும் கூரிய கருவிகளும் முன்கூட்டியே சேகரிக்கப்பட வேண்டும். பலமுறை பிள்ளை பெற்ற, அன்பும் திறமையும் கொண்ட, எளிதில் மனம் தளராத, சிரமத்தைத் தாங்கவல்ல பெண்கள் பலர் அங்கே இருக்க வேண்டும். அக்காலத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மருத்துவ ஏற்பாட்டை அந்நூல் கோருகிறது. கணவனும் மனைவியும் தனித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அது எங்கும் கூறவில்லை. இன்று அதே அத்தியாயத்தின் கருத்தைப் பின்பற்றுகிறவர் மருத்துவமனைக்குத்தான் செல்வார்.

அந்த அத்தியாயத்தில் சுவையான விவாதமும் உண்டு. வலி தொடங்கியும் குழந்தை பிறக்கத் தாமதமானால், பெண்ணை எழுப்பி உலக்கை கொடுத்துத் தானியம் குத்தச் செய்ய வேண்டும், இடையிடையே நடக்கச் செய்ய வேண்டும் என்பது சிலருடைய கருத்து. ஆத்திரேயர் இதை மறுக்கிறார். கர்ப்பிணி கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டியவள். பிரசவ வேளையில் உடலின் தாதுக்கள் அனைத்தும் நிலைகுலைந்திருக்க, உலக்கை பிடிப்பது உயிருக்கே ஆபத்தாகும் என்கிறார். நடப்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறார். வழக்கத்தில் இருந்த ஒன்றைக் காரணம் காட்டித் தள்ளுவதும், அதிலேயே பயனுள்ளதை வைத்துக்கொள்வதுமாகிய இந்த மனப்பாங்குதான் போற்றத்தக்கது. வலியின்போது நடமாடுவதையும் நிமிர்ந்திருப்பதையும் இன்றைய மருத்துவமும் பரிந்துரைக்கிறது.

இன்னொரு அறிவுரை, பெண்ணைச் சுற்றி நிற்கும் அனைவருக்கும் உரியது. முக்க வேண்டும் என்ற உந்துதல் தானாக வராதபோது முக்கலாகாது என்கிறார் சரகர். தும்மலும் ஏப்பமும் வராதபோது வரவழைக்க முயல்பவன் வீணே வருந்துவதைப் போன்றது அது. அதனால் குழந்தைக்கும் கேடு விளையலாம் என்கிறார். 'முக்கு, முக்கு' என்று ஆளாளுக்குக் கூவும் வழக்கம் அன்றும் இருந்திருக்க வேண்டும்.

அறிவு

சரகரின் வரிசைப்படி முதலில் வருவது அறிவு. கணவன் மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. சிலவற்றை அறிந்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் கர்ப்ப காலத்தில் எட்டுப் பரிசோதனைகளைப் பரிந்துரைத்தது. அவற்றுள் ஐந்து, 30-ஆம் வாரம் முதல் வருபவை: 30, 34, 36, 38, 40. இறுதி மாதங்களில்தான் கவனம் மிகுதியாக வேண்டும் என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. ஆனால் வளைகாப்பிற்குப் பிறகு, மருத்துவரும் ஊரும் மாறும் இந்த வேளையில்தான் பரிசோதனைகள் தவறிப்போகின்றன. 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் இலவசப் பரிசோதனை நடத்தும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று உள்ளது. எந்த ஊரில் இருந்தாலும் அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இரத்தசோகை அடுத்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை, 7-க்குக் கீழே இருந்தால் கடுமையான சோகை. மற்றவள் தாங்கிக்கொள்ளக்கூடிய இரத்தப்போக்கைச் சோகையுள்ளவள் தாங்கமாட்டாள். கஞ்சிக்கோடு இருக்கும் அதே பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களில் 2013-இல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் சோகையும் ஊட்டமின்மையும் அதற்கு முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன. இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பல பெண்கள் அதைச் சத்தமின்றி நிறுத்திவிடுகின்றனர். 'மாத்திரை சாப்பிட்டாயா?' என்று கேட்பதைவிட, 'சாப்பிட்டால் என்ன செய்கிறது?' என்று கேட்கும் கணவனுக்கே உண்மை தெரியவரும். மருத்துவர் வேறு மாத்திரையோ ஊசியோ தரக்கூடும்.

ஆபத்தின் அறிகுறிகளையும் அவன் அறிந்திருக்க வேண்டும். தீராத தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் வீங்குதல், மேல்வயிற்றில் வலி ஆகியவை இரத்த அழுத்தம் ஏறியிருப்பதைக் குறிக்கலாம். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் காத்திருக்கக் கூடாது. இரத்தக்கசிவு, வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், அதிலும் நீர் பச்சை நிறமாக இருத்தல் ஆகியவற்றுக்கும் உடனே புறப்பட வேண்டும். எல்லாவற்றிலும் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது குழந்தையின் அசைவு குறைதல். 'பிறக்கும் நேரம் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும்' என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. இது தவறான ஆறுதல். வழக்கமான அசைவு குறைந்தால் அன்றே பரிசோதிக்க வேண்டும். மறுநாள் காலை வரை பொறுப்பது சரியன்று. தொலைவிலிருக்கும் கணவன் ஒவ்வோர் இரவும் 'சாப்பிட்டாயா?' என்று கேட்கிறான். 'இன்று குழந்தை எப்படி அசைந்தது?' என்ற கேள்வியையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

திறமை

இரண்டாவது பண்பு செயல்திறன். தாய் இறப்பைப் பற்றி 1994-இல் தாடியஸ், மெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, மரணத்திற்கு வழிவிடும் தாமதங்களை மூன்றாகப் பிரித்தது: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவது மருத்துவமனையைப் பொறுத்தது. முதல் இரண்டும் வீட்டைப் பொறுத்தவை.

முடிவெடுக்கும் தாமதம் நம் குடும்பங்களில் நுட்பமாக நிகழ்கிறது. மனைவிக்கு உடல் சரியில்லை. தாய் சொல்கிறாள், 'மாப்பிள்ளையைக் கேட்காமல் எப்படி?' மாப்பிள்ளை ஆலைக்குள் இருக்கிறார், கைப்பேசி வெளியே இருக்கிறது. இரண்டு மணி நேரம் மரியாதையிலேயே கழிந்துவிடுகிறது. இதற்குத் தீர்வு எளியது. எந்த நேரத்திலும் எந்தச் செலவுக்கும் தன்னைக் கேட்காமல் புறப்படலாம் என்று கணவன் மனைவியிடமும் மாமியார், மாமனாரிடமும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 'அவர்களுக்குத் தெரியாதா?' என்று நினைப்பது போதாது. சொல்ல வேண்டும்.

மனைவி கஞ்சிக்கோட்டிலேயே தங்கிப் பிரசவிப்பதானால், பாலக்காட்டு நகரத்து அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்திலும், கோவையின் பெரிய மருத்துவமனைகள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்திலும் உள்ளன. தூரம் அதிகமில்லை. ஆனால் காட்டோரத்துச் சாலைகளில் இரவில் யானை நடமாட்டம் உண்டு. கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாற்றுக்கும் இடையே ரயில் பாதையில் யானைகள் அடிபடும் செய்தி அடிக்கடி வருவது பலருக்கும் தெரிந்ததே. வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு இரவில் எந்த வழியாக வருவது, 108 ஊர்தி தாமதமானால் வரச் சம்மதித்திருக்கும் வாடகை வண்டிக்காரர் யார், அவருடைய எண் மனைவியின் கைப்பேசியிலும் இருக்கிறதா? ஒருமுறை பகலில் அந்த வழியே சென்று பார்த்துவிடுவது நல்லது. முதல் பிரசவத்தில், வலி ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் கிளம்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தூரம் அதிகமானாலும், இரண்டாவது குழந்தையானாலும், அதற்கு முன்பே கிளம்ப வேண்டும்.

எல்லையோரத்திற்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கர்ப்பம் கேரளத்தில் பதிவாகியிருக்கும். பிரசவம் தமிழகத்தில் நடக்கும். தமிழகத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பெறும் ஆர்.சி.எச். எண், முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படுகிறது. தாய்வீடு சென்றவுடன் அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் தாய்–சேய் அட்டையைக் காட்டி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டால் பின்னர் அலைய வேண்டாம். இரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்திலும், குழந்தையின் வகை பாசிட்டிவ் ஆனால் பிறந்து 72 மணி நேரத்திற்குள்ளும் போடவேண்டிய ஊசி உண்டு. புது மருத்துவர் அதை அறிய அட்டை கையில் இருக்க வேண்டும். அதே வகை இரத்தம் தரக்கூடிய இருவரின் பெயர்களும் குறித்து வைக்கப்பட வேண்டும். ஆலை நண்பர்கள் இதற்கு மறுக்கமாட்டார்கள். தாய்வீடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒடிசாவில் இருக்கும் பெண்ணுக்கு, பிரசவ அறையில் மொழி தெரிந்து பேச ஒருவர் வேண்டுமே என்பதையும் அதே நண்பர்கள் யோசிக்கலாம்.

2018–20 கணக்கின்படி உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. இரு மாநிலங்களிலும் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. எல்லையின் எந்தப் பக்கமாயினும் உதவி இருக்கிறது. அதை உரிய நேரத்தில் சென்றடைவதே வீட்டாரின் பணி.

அன்பும் தூய்மையும்

அன்பு மூன்றாவது என்பதால் அது சிறியதென்று பொருளில்லை. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட அறிக்கை, வலியின்போது ஒருவர் இடைவிடாமல் துணையிருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, அறுவைச் சிகிச்சை குறைகிறது, வலி நீடிக்கும் நேரமும் சற்றுக் குறைகிறது என்று காட்டியது. மத்திய அரசு 2016-இல் பிரசவத் துணையை அரசு மருத்துவமனைகளில் அனுமதித்தது. தமிழகம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பெரும்பாலும் பிள்ளை பெற்ற உறவுப் பெண்ணே துணையாக அனுமதிக்கப்படுகிறாள். மற்றப் பெண்களின் மறைவுக்கு ஊறு வராத வசதியுள்ள இடங்களில் கணவனும் இருக்கலாம். இரண்டில் எது கிடைக்கும் என்பதை ஒன்பதாம் மாதத்திலேயே மருத்துவமனையில் விசாரித்து, யார் உள்ளே இருக்க வேண்டும் என்பதை மனைவியிடமே கேட்டு முடிவு செய்வது முறை. அவள் தாயைவிடத் தமக்கையை விரும்பக்கூடும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் கணவனின் பொறுப்பு.

தூய்மை என்பதைக் கை கழுவுதலோடு நிறுத்திவிடக் கூடாது. கை கழுவுதலும் வேண்டும். அதைவிட, வரிசையாக வந்து குழந்தையின் முகத்தில் முத்தமிடும் உறவினரைத் தடுக்கும் துணிவும் வேண்டும். பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தை தாயின் மார்போடு தோல் படக் கிடந்து பால் குடிக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் 'சேனை' வேண்டாம். ஆசையோடு தேன் புட்டியுடன் வரும் பாட்டியிடம் இதைப் பிரசவ நாளில் சொன்னால் சண்டையாகும். எட்டாம் மாதத்தில் சொன்னால் பேச்சாக முடியும்.

பின்னர் மனத்தின் தூய்மை. செவிலி வெளியே வந்து 'பெண் குழந்தை' என்று சொல்லும் அந்தக் கணத்தில் கணவனின் முகத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சுற்றியுள்ள பத்துப் பேர் பார்க்கிறார்கள். சிறிது நேரத்தில் அது உள்ளே படுத்திருப்பவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த முகத்தை அன்றைக்கு ஆயத்தம் செய்ய முடியாது. அதற்கும் மூன்று மாதங்கள் தேவை.

பிரசவித்த பெண் முதல் சில நாட்கள் காரணமின்றி அழுவது இயல்பு. இரண்டு வாரங்களைக் கடந்தும் சோர்வும் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தால், அல்லது குழந்தையைப் பார்க்கவே அவள் விரும்பாவிட்டால், 'பிள்ளை பெற்ற வீட்டில் அழலாமா?' என்று அதட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தாய்வீட்டில் எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது, தொலைபேசியில் அவள் குரலின் மாற்றத்தை முதலில் உணரக்கூடியவன் கணவன்தான். ஆறாம் வாரத்தில் தாய்க்கும் ஒரு பரிசோதனை உண்டு. பலரும் குழந்தையின் தடுப்பூசியோடு திரும்பிவிடுகின்றனர். 6, 10, 14-ஆம் வாரங்களில் குழந்தைக்குத் தடுப்பூசிகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே அவர்கள் கஞ்சிக்கோட்டிற்குத் திரும்புவதானால், அடுத்த ஊசி இங்கே எந்த நிலையத்தில், எந்தக் கிழமையில் போடப்படுகிறது என்று முன்பே கேட்டு அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டு அவர்களை அழைத்துவரச் செல்லலாம்.